குருசடை முதல் நீலாங்கரை வரை

இராமேசுவரம் தீவின் மேற்கு ஓரத்தில், பாம்பன் ஊருக்குத் தெற்கே, குந்துகால் என்று வழங்கும் கடற்கரை ஒன்று உண்டு. சுவாமி விவேகானந்தர் மேனாட்டுப் பிரயாணத்தை முடித்துக்கொண்டு 1897-ஆம் வருஷம் ஜனவரி 26-ஆம் நாள் தாய்நாட்டு மண்ணில் காலடி வைத்தது அவ்விடத்திலேயே என்பதால், அதன் பெயரை அறிந்தவர்கள் பலர். அக்கரைக்கு எதிரே, மன்னார் வளைகுடாவின் ஆழமற்ற நீருக்கு நடுவே, சுமார் 65 ஹெக்டேர் பரப்புள்ளதாய்க் கிடக்கும் குருசடைத் தீவை அறிந்தவர்களோ சிலரே. ஆயினும் சென்ற நூற்றாண்டில் நம் நாட்டுக் கலாசாலைகளில் பிராணி சாஸ்திரம் பயின்றவர்களில், புத்தகத்தில் மட்டுமே கண்டிருந்த கடற்பிராணிகளை உயிரோடு முதன்முதல் பார்த்த இடம் எதுவென்று கேட்டால் குருசடை என்று மறுமொழி சொல்லக்கூடியவர்கள் பல தலைமுறைகளாக இருந்து வந்திருக்கிறார்கள். கடலோர ஜீவராசிகளை மாணவர்க்குக் கையால் தொட்டுக் காட்டிக் கற்பிக்கும் வழக்கம் தமிழ்நாட்டுக் கரையில் எவ்விதம் தோன்றிற்று, எவ்விதம் மாறிற்று என்பதை ஆராயப் புகுந்தால் அத்தீவிலிருந்து தொடங்குவதே முறையாகும்.

சாஸ்திரம் வருவதற்கு முன்னரே கரையில் அறிவு இருந்தது. முத்துக்குளித்தலும் சங்குகுளித்தலும் பரம்பரைத் தொழிலாக நடந்துவந்த தூத்துக்குடியிலும் கீழக்கரையிலும், கடலடியில் எந்தப் பாரில் சிப்பி முற்றியிருக்கிறது, எந்த மணலில் சங்கு மேய்கிறது, எந்தக் காற்றில் நீர் கலங்கும், எந்தக் காற்றில் தெளியும் என்பதைச் சிறு பிள்ளைகள் தகப்பன்மாரின் வள்ளத்தில் இருந்தவாறே கற்றுக்கொண்டார்கள். அதற்கும் பல நூற்றாண்டு முன்னர், அகநானூற்றின் நெய்தல் பாட்டு ஒன்றிலே, நிறைசூல் கொண்ட ஆமை கரையேறி, அடும்பங்கொடி படர்ந்த மணலை அகழ்ந்து முட்டையிட்டு மூடிச் செல்லும் செயலைப் புலவர் ஒருவர் கண்ணாரக் கண்டவர் போலப் பாடியிருக்கிறார். குஞ்சு வெளிவரும் வரையில் ஆண் ஆமை அருகிருந்து காக்கும் என்று அவர் மேலும் கூறுவது இன்றைய சாஸ்திரத்துக்கு ஒவ்வாது; அதைப் புலவரின் அன்புள்ளம் சேர்த்ததாகவே கொள்ள வேண்டும். ஆனால் அடும்பங்கொடியின் அடியில் முட்டை கிடக்கும் என்று அவர் சுட்டிய குறிப்பு இன்றும் பிரத்தியட்சமான உண்மை.

இவ்வறிவை ஏட்டிலேற்ற முதலில் முயன்றவர்களில் ஒருவர் தரங்கம்பாடியில் வாழ்ந்த கிறிஸ்தவப் பாதிரியாராகிய கிறிஸ்தோப் சாமுவேல் ஜான். 1771-இல் இந்நாட்டுக்கு வந்து 1813-இல் இங்கேயே காலமான அவர், சுதேசப் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடங்கள் அமைப்பதில் எவ்வளவு ஊக்கம் காட்டினாரோ அவ்வளவு ஊக்கத்தோடு கரையோரத்து மீன்களையும் சங்கு சிப்பிகளையும் சேகரித்து ஐரோப்பியப் பண்டிதர்களுக்கு அனுப்பி வந்தார். பெர்லின் நகரத்து மீன் சாஸ்திரியாகிய பிளாக், நம் வலைஞர் கத்தாளை என்று சொல்லும் மீன் வகை ஒன்றுக்கு ஜானியஸ் என்று பெயர் சூட்டியது அவர் நினைவாகவே. பள்ளி நடத்தியவரும் அவரே, மீன் சேகரித்தவரும் அவரே. எனினும் அம்மீன்களைத் தம் பள்ளிப் பிள்ளைகளுக்கு முன் வைத்துப் பாடம் சொன்னதாக வரலாறு எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. கப்பலேறிச் சென்ற சேகரம் அந்நிய தேசத்தின் காட்சிசாலைகளில் தங்கிவிட்டது. 1875-க்கும் 1878-க்கும் இடையில் இந்திய மீன்களைப் பற்றிய பெருநூலை வெளியிட்ட பிரான்சிஸ் டே, சென்னைப் படையின் வைத்தியராயிருந்தவர். பற்பல மீன்களுக்கு மீனவர் வழங்கும் தமிழ்ப் பெயர்களையும் கேட்டு எழுதிவைத்த பெருமை அவருக்கு உண்டு. ஆனால் அந்நூலும் பண்டிதர்க்கான நூலே.

அதே காலத்தில் மேல்நாடுகளில் ஒரு புதிய எண்ணம் வேரூன்றத் தொடங்கியிருந்தது. 1872-இல் அந்தோன் டோர்ன் என்னும் ஜெர்மானியர் இத்தாலியின் நேப்பிள்ஸ் கடற்கரையில் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவினார். அடுத்த ஆண்டிலே அமெரிக்காவில் லூயி அகாசி என்னும் முதுபெரும் ஆசிரியர், பெனிக்கீஸ் என்ற சிறு தீவில் ஆண்களும் பெண்களுமாகப் பள்ளி ஆசிரியர்கள் சுமார் ஐம்பது பேரைக் கூட்டி வைத்து, கோடைகாலம் முழுவதும் புத்தகத்தை ஒதுக்கிவிட்டுக் கடற்கரைப் பிராணிகளையே பார்த்துப் படிக்கும்படி செய்தார். அவ்வாண்டு முடிவதற்குள் அகாசி இறந்தார், பள்ளியும் நீடிக்கவில்லை. ஆனால் 1888-இல் உட்ஸ் ஹோல் என்னுமிடத்தில் எழுந்த கடல் உயிரியல் நிலையம் அவ்வித்திலிருந்து முளைத்ததே.

நம் மாகாணத்துக்கு அவ்வெண்ணம் நேராக வந்து சேரவில்லை. 1885-இல் சென்னை மியூஸியத்தின் தலைவராக வந்த எட்கர் தர்ஸ்டன், பின்னாளில் ஜாதிகளையும் குலங்களையும் பற்றிய தொகுதிகளால் பெயர் பெற்றவரெனினும், வந்த புதிதில் அவர் மனத்தைக் கவர்ந்தது இராமேசுவரத்துக் கடலே. அத்தீவையும் அண்டைத் தீவுகளையும் சுற்றி வந்து அங்குள்ள கடற்பிராணிகளைப் பற்றி 1887-இல் அறிக்கை ஒன்று எழுதினார். முத்துக்குளிப்பாகிய சலாபத்தின்போது சுறா அண்டாமலிருக்க மந்திரம் ஓதும் கடல்கட்டிகளைப் பற்றியும் அவர் குறித்து வைத்திருக்கிறார். அவருடைய முயற்சியின் பயனாகச் சென்னை மெரீனாவில் 1909-இல் கடல் மீன் காட்சிசாலை ஒன்று திறக்கப்பட்டது. கண்ணாடித் தொட்டிகளில் கடல் நீரை நிரப்பி, சிங்கார மீன்களையும் கடற்பாம்புகளையும் நீந்தவிட்டிருந்த அக்கட்டிடத்துக்குள் நுழைந்த பட்டணத்துப் பிள்ளைகள், வீட்டு வாசலிலேயே அலையடித்துக்கொண்டிருந்த சமுத்திரத்தின் உள்ளே என்ன இருக்கிறதென்பதை முதன்முறையாகக் கண்டார்கள். இரண்டாம் உலக மகாயுத்தத்தின்போது அது மூடப்பட்டது. இன்று அவ்விடத்தில் அதன் அடையாளமும் இல்லை என்பது வருந்தத்தக்கது.

குருசடையின் கதைக்கு நாயகரென்று ஒருவரைச் சொல்லவேண்டுமானால் ஜேம்ஸ் ஹார்னலைத்தான் சொல்லவேண்டும். ஸ்காட்லாந்தில் 1865-இல் பிறந்த இவர், ஆங்கிலக் கால்வாயிலுள்ள ஜெர்ஸி தீவில் தம் மாமனாராகிய ஜோசப் ஸினெல் என்பவரோடு சேர்ந்து கடல் உயிரியல் நிலையம் ஒன்றை நடத்திவந்தார். கடற்பிராணிகளைப் பதப்படுத்திப் புட்டியிலடைத்தும், நுண்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்ப்பதற்கான கண்ணாடித் தகடுகளாக ஆக்கியும், கல்லூரிகளுக்கு விற்பனை செய்வது அந்நிலையத்தின் ஜீவனோபாயமாயிருந்தது. 1902-இல் இலங்கை முத்துச் சிப்பிகள் அழிந்துபோகும் காரணத்தை ஆராய லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மன் வந்தபோது ஹார்னலும் உடன் வந்தார். பேராசிரியர் திரும்பிச் சென்ற பின்னும் ஹார்னல் அங்கேயே தங்கிவிட்டார். 1907-இல் சர் பிரடரிக் நிக்கல்ஸன் முயற்சியால் சென்னை மாகாணத்தில் மீன் இலாகா தோன்றியதும் அதில் சேர்ந்து, பிற்பாடு அதன் தலைவராகவும் உயர்ந்தார். சங்கைப் பற்றி 1914-இலும், முத்துச் சலாபங்களைப் பற்றி 1922-இலும், மீன்பிடி முறைகளைப் பற்றி 1925-இலும் அவர் வெளியிட்ட நூல்களைப் படிப்போர், அந்நியர் ஒருவர் நம் கட்டுமரத்தின் கட்டுக்களையும் வலையின் கண்களையும் எத்தனை பொறுமையோடு கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறார் என்று வியக்காமலிரார். கரையிலுள்ளவர்களைத் தம் ஆசிரியராகக் கொள்ளும் மனப்பான்மை அவரிடம் இருந்தது. அதுவே அவரை மற்ற உத்தியோகஸ்தரிடமிருந்து வேறுபடுத்திக் காட்டுகிறது என்பது என் எண்ணம்.

ஜெர்ஸியில் பழகிய தொழிலை அவர் பாம்பன் கரைக்குக் கொண்டுவந்தார். அதுவரையில் நம் கல்லூரிகளில் பிராணி சாஸ்திரம் கற்பித்த உபாத்தியாயர்கள், காலடியில் கிடந்த கடலை விட்டுவிட்டு, ஐரோப்பியக் கரைகளில் பிடித்து அனுப்பப்பட்ட நட்சத்திர மீன்களை விலை கொடுத்து வாங்கிப் பாடம் நடத்தி வந்தார்கள். மீன் இலாகா இங்கேயே கடற்பிராணிகளைச் சேகரித்துப் பதப்படுத்திக் கல்விச்சாலைகளுக்கு வழங்கும் ஏற்பாட்டைத் தொடங்கியபின், குருசடையைச் சூழ்ந்த பவளத் திட்டுகளிலிருந்து கடல் அட்டையும், கடல் சாமந்தியும், சங்கும், நண்டும், முள்ளெலி போன்ற கடல் மூரையும் புட்டிகளிலேறித் தேசமெங்கும் சென்றன.

பதப்படுத்துதல் என்பது எளிய காரியமாகத் தோன்றினும் அதற்குத் தனிக் கைத்திறன் வேண்டும். கடல் சாமந்தியை உயிரோடு ஃபார்மலினில் இட்டால் அது தன் இதழ் போன்ற உணர்கொம்புகளையெல்லாம் உள்ளிழுத்துக்கொண்டு வெறும் சதைப் பிண்டமாக இறந்துவிடும். ஆதலால் கடல்நீருள்ள பாத்திரத்தில் அதை அசையாமல் வைத்திருந்து, முற்றும் மலர்ந்த பின்னர் பேதியுப்பையோ புதினா உப்பையோ சிறிது சிறிதாகக் கலந்து, உணர்ச்சி மங்கிப்போன தறுவாயிலே மருந்தை ஊற்றவேண்டும். கடல் அட்டை அதிர்ச்சியுற்றால் தன் குடலையே வெளியே கக்கிவிடும். நொறுங்கு நட்சத்திரம் என்று சொல்லத்தக்க பிராணியோ கை பட்ட மாத்திரத்திலே கைகளை ஒவ்வொன்றாக உதிர்க்கும். சுண்ணாம்பு உடல் கொண்டவற்றை வெறும் ஃபார்மலினில் நெடுநாள் வைத்தால் அதன் அமிலம் சுண்ணாம்பை அரித்துவிடும் என்பதால் அவற்றைச் சாராயத்துக்கு மாற்றவேண்டும். இத்தனை நுட்பங்களையும் தீவிலேயே கற்றுத் தேர்ந்து, ஒரு கல்லைப் புரட்டுமுன் அதன் கீழ் இன்னது இருக்கும் என்று சொல்லக்கூடியவராயிருந்த மீனவ சேகரிப்பாளர்களின் பெயர்கள் எந்தப் புத்தகத்தின் முகப்பிலும் ஏறவில்லை. கல்லூரி மியூஸியத்தில் மங்கிய மஞ்சள் நீரில் மிதக்கும் ஒவ்வொரு மாதிரிக்கும் பின்னால் அவர்களுடைய கை இருந்தது.

தீவின் கீர்த்தியை நிலைநாட்டியது 1927-இல் சென்னை மியூஸியம் பிரசுரித்த குருசடைக் கரையோரப் பிராணிகளைப் பற்றிய தொகுதியாகும். அப்போது மியூஸியத்தின் தலைவராயிருந்த எப். எச். கிரேவ்லி, மாகாணத்து அறிஞர் பலரையும் துணை கொண்டு, தீவின் பிராணிகளை வகை வகையாகப் பிரித்து விவரிக்கும் அந்நூலை உருவாக்கினார். பாசி சாஸ்திரத்தில் நம் நாட்டின் முன்னோடியாகிய எம். ஓ. பி. அய்யங்கார் தீவின் தாவரங்களைப் பற்றி அதில் எழுதினார். ஆராய்ச்சியாளருக்கென்று செய்யப்பட்ட அந்நூல் வெகு விரைவில் மாணவரின் கைந்நூலாயிற்று. இன்ன பிராணியைக் கண்டால் இன்னதென்று இனங்காணத் தம் நாட்டுக் கடலையே பொருளாகக் கொண்ட நூல் ஒன்று அவர்கள் கையில் கிடைத்துவிட்டது.

குருசடைக்குச் செல்லும் மாணவன் தவறாமல் தேடிச் சென்ற பிராணி ஒன்று உண்டு. முதுகெலும்புள்ளவற்றுக்கும் இல்லாதவற்றுக்கும் இடைப்பட்ட உறவைக் காட்டுவதாகப் பாடப்புத்தகங்கள் விரிவாக விவரிக்கும் பலனோகிளாசஸ் இனத்துப் புழு, அத்தீவின் மணலுக்கடியில் வளைகளில் வாழ்கிறது. மணல் சுருள் சுருளாய் மேலெழுந்து கிடக்கும் இடத்தைக் கண்டு, அதன் அருகே மெல்லக் கையைச் செலுத்தி, நார் நாராய் அறுந்துபோகும் அம்மிருதுவான உடலை அறாமல் எடுப்பது ஒரு சாமர்த்தியம். எடுத்த கையில் ஆஸ்பத்திரி அயடோபாம் நாற்றம் நெடுநேரம் தங்கும். எத்தனை பக்கம் வாசித்தாலும் அந்த நாற்றத்தைப் புத்தகம் தருவதில்லை. கரையில் கற்றவன் அதை ஆயுள் முழுதும் மறப்பதுமில்லை. சென்னைக் கரையில் கிடைக்கும் இவ்வினத்துப் பிராணிகளை, 1903-ஐ ஒட்டிய காலத்திலேயே ஆராய்ந்து எழுதியவர், பிரஸிடென்ஸி கல்லூரியில் ஆசிரியராயிருந்து பின்னர்ச் சர்வகலாசாலையின் துணைவேந்தராகவும் விளங்கிய கே. ராமுண்ணி மேனன்.

ஆண்டுதோறும் கல்லூரிகளிலிருந்து மாணவர் கூட்டம் ரயிலேறி, 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலத்தைக் கடந்து வந்து, படகில் தீவை அடையும் வழக்கம் உண்டாயிற்று. வற்றம் அடைந்து திட்டுகள் வெளிப்படும் வேளையைப் படகுக்காரர் சொல்ல, வேட்டியையும் சேலையையும் முழங்கால் வரை தூக்கிக் கட்டிக்கொண்டு நீரில் இறங்கிய இளைஞரும் இளம்பெண்களும், அன்று கண்டவற்றை மாலையில் பெயரிட்டு நோட்டில் எழுதினார்கள். தேர்வின்போது ரெக்கார்டு நோட்டோடு தாமே சேகரித்த மாதிரிகளையும் சமர்ப்பிக்க வேண்டும் என்ற விதி இருந்தமையால், திரும்பும்போது ஒவ்வொருவர் கையிலும் புட்டிகள் கனத்தன. அவ்விதியை ஏற்படுத்தியவர்களின் நோக்கம் உயர்ந்ததே. தானே தேடிக் கண்ட பொருளை மாணவன் மறவான் என்பது அவர்கள் கண்ட அனுபவம். ஆனால் ஒரு கல்லூரி வந்த இடத்தில் பத்துக் கல்லூரி வந்து, ஒருவர் எடுத்த இடத்தில் நூறு பேர் எடுக்கத் தொடங்கியபோது, கல்வி என்ற பெயரால் கரையிலிருந்து அள்ளப்பட்டதும் சிறிதளவாயிருக்கவில்லை. புரட்டிய கல்லைப் பழையபடி கவிழ்த்து வைக்காமல் சென்றாலே, நிழலில் வாழும் உயிர்கள் வெயிலில் காய்ந்து மடியும். இந்த எளிய நியமத்தை எத்தனை பேர் கைக்கொண்டார்கள் என்று நினைத்தால் மனம் சங்கடப்படுகிறது.

சுதந்திரத்துக்குப் பின் இப்பக்கத்தில் ஸ்தாபனங்கள் பெருகின. 1947 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம், இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளரை நோய்க்கு அஞ்சித் தடுத்து வைத்திருந்த மண்டபம் முகாமுக்கு 1949-இல் வந்து சேர்ந்தது. மக்கள் கண்ணீரோடு காத்துக் கிடந்த கொட்டகைகள் இருந்த முகாமில் மீன் சாஸ்திரம் குடியேறியது காலத்தின் விசித்திரம். வடக்கே வெள்ளாற்று முகத்திலுள்ள பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைச் சர்வகலாசாலை, ஆர். வி. சேஷய்யா என்ற பேராசிரியரின் உழைப்பால் கடல் உயிரியல் நிலையம் கண்டது. குருசடையில் முத்து வளர்க்கச் செய்த பரிசோதனைகள் கைகூடவில்லை. 1973-இல் தூத்துக்குடியில்தான் கே. அழகர்சுவாமி அதில் வெற்றி பெற்றார்.

இதற்கிடையே கடலும் இளைத்தது. சுண்ணாம்புக் காளவாய்க்கும் தொழிற்சாலைகளுக்குமாக பவளப் பாறையாகிய முருகைக்கல்லைப் பல்லாண்டு காலம் வெட்டியெடுத்ததன் விளைவாக, வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரண்டு நீரில் மூழ்கிப்போயின. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1986-இல் இத்தீவுகள் யாவும் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் கொண்ட உயிர்க்கோளக் காப்பகம் அமைந்தது. 2001-இல் பவளமும் கடல் அட்டையும் புலிக்கும் யானைக்கும் உரிய அட்டவணையில் ஏறின. அனுமதியின்றிக் குருசடையில் இறங்கலாகாது. இறங்கினாலும் ஒரு சிப்பியையும் எடுக்கலாகாது.

இச்சட்டங்கள் வேண்டியவையே. ஆயினும் அவற்றால் ஒரு கேள்வி எழுந்தது. தொட்டு எடுத்துப் படித்த கல்வி முறை தடைப்பட்டதும், பல கல்லூரிகளில் கரைக்குச் செல்லும் வழக்கமே நின்று, பழைய புட்டிகளும் சுவரில் தொங்கும் படங்களுமே மிஞ்சின. கடலை அழிக்காமல் கடலில் கற்பது எங்ஙனம் என்பதற்கு விடை, குருசடையிலிருந்து வெகுதூரத்தில், சர்க்கார் இலாகா எதிலும் சேராத இளைஞர் சிலரிடமிருந்து, அதற்கு முன்னரே பிறந்திருந்தது.

அவர்கள் கைக்கொண்ட பிராணி கடலாமை. ஆமைக்கும் குருசடைக்கும் பழைய தொடர்பு உண்டு. அத்தீவைச் சூழ்ந்த கடலில் ஆமை பிடிக்கும் தொழிலைப் பற்றி 1950-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சஞ்சிகையில் கட்டுரை ஒன்று வெளிவந்திருக்கிறது. பேராமை இறைச்சிக்காகப் பிடிக்கப்பட்டது. தூத்துக்குடிப் பக்கத்தில் அதன் இரத்தத்தை மருந்தென்று குடித்தவர்கள் உண்டு. சென்னைக் கரையிலோ, தை முதல் பங்குனி வரையில் இரவில் கரையேறும் பங்குனி ஆமையின் முட்டைகள் தோண்டி எடுக்கப்பட்டு விற்பனையாகி வந்தன.

1970-களின் தொடக்கத்தில், சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ராமுலஸ் விட்டேக்கரும் அவரைச் சுற்றியிருந்த இளைஞர்களும், இந்த முட்டைகளைக் காக்க எண்ணி இரவில் கரை நெடுகிலும் நடக்கத் தொடங்கினார்கள். அவர்களில் சதீஷ் பாஸ்கர் என்பவரைத் தனியே குறிப்பிடாமல் இந்தக் கதையைக் கடந்து செல்ல இயலாது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்த அவர் படிப்பைத் துறந்து ஆமைகளின் பின்னே சென்றார். இந்தியாவின் கரைகளையும் தீவுகளையும் கால்நடையாக அளந்து, எங்கெங்கே எவ்வெவ்வாமை கரையேறுகிறதென்பதை முதன்முதல் பதிவு செய்தார். 1982-ஆம் வருஷத்து மழைக்காலம் முழுவதும், படகுப் போக்குவரத்து அற்ற லட்சத்தீவுக் கூட்டத்தின் சுஹேலி வலியகரை என்னும் ஆளில்லாத் தீவில் தனியொருவராய்த் தங்கியிருந்தபோது, மனைவிக்குக் கடிதம் எழுதிப் புட்டியிலடைத்துக் கடலில் விட்டார்; இலங்கைக் கரையில் அதைக் கண்டெடுத்த மீனவர் ஒருவர், உரியவருக்கு அஞ்சலில் அனுப்பிவைத்தார். 2023-இல் காலமான அம்மனிதருக்கு நம் பாடப்புத்தகங்களில் ஒரு பக்கமேனும் ஒதுக்கப்பட வேண்டாமா?

விட்டேக்கரும் அவ்விளைஞர்களும் தொடங்கிய, முட்டைகளை எடுத்து வந்து புதைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்யும் பொரிப்பகப் பணி பின்னர்க் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்திடமும், அதன்பின் வனத்துறையிடமும் கைமாறி, 1980-களின் பிற்பகுதியில் தளர்ந்தது. அப்பொழுது, 1988-இல், கல்லூரி மாணவர்களே ஒன்று கூடிக் கடலாமைப் பாதுகாப்புக்கான மாணவர் வலையமைப்பு ஒன்றை ஏற்படுத்திக்கொண்டார்கள். அவர்களுள் ஒருவரான கார்த்திக் சங்கர் பிற்காலத்தில் ஆமை ஆராய்ச்சியில் பெரும் பெயர் பெற்றார். ஆசிரியர் அழைத்துச் சென்ற குருசடைப் பிரயாணத்துக்கும் இதற்கும் உள்ள பேதம் கவனிக்கத்தக்கது: இங்கே மாணவரே ஆசிரியர், இவ்வாண்டு நடந்தவர் அடுத்த ஆண்டு பின்னால் வருபவர்க்குச் சொல்லிக் கொடுக்கிறார்.

நள்ளிரவை ஒட்டிச் சென்னை நீலாங்கரையில் புறப்பட்டுப் பெசன்ட் நகர் வரையில் ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் மணலில் நடப்பது அவர்களுடைய நியமம். விளக்கு ஏற்றுவதில்லை, ஒளியைக் கண்டால் கரையேற வந்த ஆமை திரும்பிப் போய்விடும். ஈர மணலில் துடுப்பு போட்டு ஏறி இறங்கிய இரட்டைத் தடத்தைக் கண்டதும், அது முடியும் மேட்டில் கம்பால் மெல்லக் குத்திப் பார்த்து, மணல் தளர்ந்திருக்கும் இடத்தைக் கையாலேயே தோண்டுகிறார்கள். சுமார் ஒன்றரை அடி ஆழத்தில், வாய் குறுகி அடி அகன்ற பானை வடிவக் குழியில், நூறு நூற்றிருபது முட்டைகள் கிடக்கும். இட்டுச் சில மணி நேரம் கழிந்தபின் முட்டையைப் புரட்டினால் உள்ளே கரு அறுபட்டு இறந்துவிடும்; ஆதலால் தாமதியாமலும் புரட்டாமலும் எடுத்துச் சென்று, பொரிப்பகத்தில் தாய் தோண்டிய அதே ஆழத்துக்கும் அதே வடிவத்துக்கும் குழி தோண்டிப் புதைக்கவேண்டும். மணலின் உஷ்ணம் மிகுந்தால் பெண் குஞ்சுகளும் குறைந்தால் ஆண் குஞ்சுகளும் மிகுதியாகும் என்பதை மாணவர்கள் அங்கே அறிந்துகொள்கிறார்கள். நாற்பத்தைந்து நாள் முதல் அறுபது நாள் வரையில் பொறுத்திருந்தபின், மணல் மெல்லச் சரிய, குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வெளிவருகின்றன. அவற்றைக் கையில் கொண்டுபோய் நீரில் போடாமல், சற்று மேலேயே விட்டுத் தாமே ஊர்ந்து கடலை அடையச் செய்கிறார்கள்; பிறந்த கரையின் நினைவு அந்தப் பயணத்தில்தான் அவற்றுக்குப் பதிகிறதென்று கருதப்படுகிறது. நகரத்துத் தெருவிளக்குகளின் திசையில் அவை வழிதவறிச் சென்றுவிடாதபடி காப்பதும் நடப்பவர் பொறுப்பு.

சர்வகலாசாலை விதி கேட்டது புட்டியில் அடைத்த உடலை. இந்நடை கேட்பது மண்ணுக்குள் திருப்பி வைத்த முட்டையை. இரண்டிலும் மாணவன் கையே வேலை செய்கிறது. தொடுவதை விலக்கினால்தான் கடல் பிழைக்கும் என்று எண்ணுகிறவர்கள் பெசன்ட் நகர்ப் பொரிப்பகத்தை ஒரு முறை சென்று பார்க்கவேண்டும். இன்று வெள்ளி, சனி இரவுகளில் பள்ளிப் பிள்ளைகளும் பெற்றோரும் வந்து சேர்ந்துகொள்ளும் பொது வழக்கமாக அந்நடை வளர்ந்திருக்கிறது. குப்பத்து மீனவ இளைஞர்கள் தங்கள் பகுதியில் கண்ட தடத்தைச் சொல்லியனுப்புவதும் உண்டு. அவர்கள் சொல்லாவிடில் நாய்க்கும் நரிக்கும் இரையாகும் கூடுகள் மிகுதி.

நடப்பவர்கள் உயிருள்ளவற்றை மட்டும் பார்ப்பதில்லை. இழுவலையில் அகப்பட்டு மூச்சுவிட மேலெழ முடியாமல் இறந்த ஆமைகள் அலையோடு ஒதுங்கிக் கிடக்கும்போது, அவற்றின் ஓட்டை அளந்து, ஆணா பெண்ணா என்று பார்த்து, இடத்தையும் நாளையும் எழுதிவைப்பது ஆதியிலிருந்தே அவர்களுடைய பாடத்தில் ஒரு பகுதி. கரையிலிருந்து குறித்த தூரத்துக்குள் விசைப்படகுகள் இழுவலை போடலாகாதென்று 1983-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் விதி இருக்கிறது; ஆமை தப்பிச் செல்லும் கதவை வலையில் பொருத்தவேண்டுமென்ற ஏற்பாடும் உண்டு. 2025-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில், சென்னையிலும் அதை அடுத்த கரைகளிலுமாக ஆயிரத்துக்கு மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. அவ்விதிகள் காகிதத்திலிருந்து கடலுக்குச் சென்றிருக்கின்றனவா என்ற கேள்வி பத்திரிகைகளிலும் பசுமைத் தீர்ப்பாயத்திலும் எழுந்தபோது, இறந்தவை எத்தனை என்று சொல்வதற்கு ஊரில் கணக்கு இருந்தது. இரவிலும் விடியலிலும் நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நின்று எண்ணியவர்களில் கல்லூரி மாணவர்களும் இருந்தார்கள். அம்மாதமே கூடுகளும் விழத் தொடங்கிவிட்டமையால், அவர்கள் அதே நடையில் ஒரு கையால் இறந்தவற்றைக் குறித்துக்கொண்டு, மறு கையால் முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு எடுத்துச் சென்றார்கள்.